குத்துகிற கல்

ஈசா பாய் கடையின் பின்பக்கம், வெயில் நேராக விழுகிற இடத்தில், ஒன்பது சதுரங்கள் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றும் ஓர் அடிக்கு ஓர் அடி இருக்கும். கான்கிரீட்டைப் போட்டு, அது முழுக்க இறுகுவதற்குள் மேல்பூச்சைத் தண்ணீர் விட்டுக் கழுவி, உள்ளே இருக்கும் கற்களை வெளியே தெரியும்படி செய்திருந்தார்கள். எங்கள் ஊரான பாடாங் செராயில் எல்லாரும் பெப்பல் வாஷ் என்று சொல்வது இதைத்தான். ஒன்றில் வெள்ளைக் கூழாங்கல், ஒன்றில் தேன் நிறம், ஒன்றில் எல்லா நிறமும் கலந்தது. கடைசிச் சதுரத்தில் மட்டும் கூழாங்கல் இல்லை, உடைத்த கறுப்புச் சில்லுகள். "சிலிப்பரக் கழட்டிட்டு ஒவ்வொண்ணா ஏறி நின்னு பாருங்கக்கா," என்றார் ஈசா பாய். "கண்ணால பாத்து எடுத்தவங்கதான் அப்பறம் எனக்குப் போன் போட்டு ஏசுறாங்க. இதக் காலாலதான் எடுக்கணும்."

நான் கண்ணால் பார்த்தே ஒன்றை எடுக்கத் தெரியாதவள். பசாரில் ஒரு கட்டுக் கீரை வாங்குவதற்கு நான்கு கட்டைத் தூக்கிப் பார்ப்பேன். கடைசியில் முதலில் பார்த்ததையே வாங்கி வந்து, இரண்டாவது கட்டு இன்னும் பச்சையாக இருந்ததே என்று சாயங்காலம் வரைக்கும் வருத்தப்படுவேன். கல்யாணத்தில் மட்டும் எனக்கு இந்தத் தொல்லை இருக்கவில்லை, வந்ததே ஒரு மாப்பிள்ளைதான். அந்த ஒரே மாப்பிள்ளை, என் வீட்டுக்காரர் யோகேஸ்வரன், எனக்கு முன்னாலேயே செருப்பைக் கழற்றிவிட்டு முதல் சதுரத்தில் ஏறி நின்றுவிட்டார்.

எங்கள் வீட்டு முன்னால் இருப்பதற்குக் கார் போர்ச் என்று பெயர். எங்களிடம் கார் கிடையாது. இவர் ஓட்டும் பள்ளிக்கூட வேன் உயரம் அதிகம், கூரையில் இடிக்கும், அதனால் அது கேட்டுக்கு வெளியே ரோட்டோரம் நிற்கும். போர்ச்சில் என் மோட்டார் சைக்கிளும், துணி காயப்போடும் கம்பியும், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியும்தான். எட்டு வருஷத்துக்கு முன்னால் அங்கே பளபளப்பான டைல்ஸ் போட்டோம். போட்ட புதிதில் எங்கள் தாமான் குடியிருப்பில் பாதிப் பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அந்தத் தரையில் இவர் இந்த வருஷம் இரண்டு தடவை விழுந்துவிட்டார். முதல் தடவை நல்ல மழை. ஈரத்தில் வழுக்கிவிட்டது என்றோம். இரண்டாம் தடவை ஒரு வாரமாக மழையே இல்லை, தரை காய்ந்து கிடந்தது. அன்றைக்கும் டைல்ஸைத்தான் ஏசினோம். இடுப்பு ஊதா நிறத்தில் வீங்கி, இரண்டு வாரம் ஒருக்களித்துத்தான் படுத்தார். ஆனால் ஒருநாள்கூட வேனை நிறுத்தவில்லை.

வேனை நிறுத்த முடியாது. பதினொரு பிள்ளைகள் ஏறுகிறார்கள். தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து நான்கு பேர், மீதிப் பேர் எங்கள் தாமானிலும் அடுத்த தாமானிலும். காலை ஆறே முக்காலுக்கு ஏற்றிக்கொண்டு போய்த் தமிழ்ப்பள்ளியில் விடுவார், மதியம் ஒன்றே காலுக்குத் திரும்ப அழைத்து வருவார். இருபத்திரண்டு வருஷமாக இதுதான். இப்போது ஏறுகிற பிள்ளைகளில் இரண்டு பேருடைய அம்மாக்கள் இவர் வேனில் போய்ப் படித்தவர்கள். இவர் இடுப்பு உடைந்து படுத்துவிட்டால் அத்தனை பிள்ளைகளையும் மறுநாளே ஏற்றிக்கொள்ள இன்னொரு வேன்காரர் மனோகரன் காத்திருக்கிறார். இது இவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், மனோகரனுக்கும் தெரியும். அதனால்தான் பினாங்கில் வேலை பார்க்கும் எங்கள் மகள் சுபாஷினி, "அந்த டைல்ஸ ஒடைச்சு எறிஞ்சிட்டுப் பெப்பல் வாஷ் போடுங்கம்மா, வழுக்காது," என்று போனில் சொன்னதும் நாங்கள் இரண்டு பேரும் உடனே சரி என்றோம். அவள் அதோடு விடாமல் பதினேழு படங்களை அனுப்பி வைத்தாள். என் குழப்பம் அன்றைக்கு ஆரம்பித்தது.

பக்கத்து வீட்டுத் தங்கமணி அக்காவின் பேத்தி இவர் வேனில்தான் போகிறாள். அந்த உரிமையில் அக்கா, கல் போட்டால் முட்டி வலிக்கும், ஒரு ரப்பர் மேட் விரித்தால் போதும் என்றார். பெண்டாங்கில் இருக்கும் என் நாத்தனார் ஷீலா வீட்டில் பெப்பல் வாஷ்தான். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் பாசி பிடிக்கிறது, மாதம் ஒரு தடவை பிரஷ்ஷும் கையுமாகக் குந்த வேண்டியிருக்கிறது என்று அவள் சொன்னாள். பிறகு அவளே, இருந்தாலும் அழகு என்றாள். ஈசா பாய் பேச்சில் ஒவ்வொரு வரிக்கும் ஓர் ஆனால் இருந்தது. சின்னக் கல் காலுக்குச் சுகம், ஆனால் அழுக்குத் தங்கும். பெரிய கல் பார்க்க எடுப்பு, ஆனால் சரியாகக் கழுவவில்லையென்றால் பெயர்ந்து வரும். மேலே கோட்டிங் அடித்தால் நிறம் தூக்கலாகத் தெரியும், ஆனால் மறுபடி கொஞ்சம் வழுக்கும். வழுக்காத தரை வேண்டும் என்று வந்தவளிடம் அதையும் வழுக்க வைக்கிற வழியைச் சொன்னால் நான் என்ன செய்வது.

இவருக்கு எந்தக் குழப்பமும் இல்லை. இவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கல் குத்த வேண்டும். தாமான் பூங்காவில் கூழாங்கல் பதித்த ஒரு வட்டப் பாதை இருக்கிறது, காலையில் சீனத்து அம்மாக்கள் வெறுங்காலோடு அதில் நடப்பார்கள். காலில் கல் அழுத்தினால் உடம்பில் ரத்தம் நன்றாக ஓடும், இனிப்பு நீருக்கு நல்லது என்று யாரோ இவரிடம் சொல்லியிருந்தார்கள். இவருக்குப் பதினொரு வருஷமாக இனிப்பு நீர், ரத்தத்தில் சர்க்கரை. வீட்டு வாசலிலேயே அப்படி ஒரு தரை இருந்தால் தினமும் நடக்கலாமே என்றார். கஞ்சத்தனமும் வைத்தியமும் சேர்ந்த யோசனை என்று நானும் கேலி செய்தேன்.

முதல் சதுரத்தில் நின்று கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். "ம்ஹும். சப்புன்னு இருக்கு," என்று அடுத்ததில் ஏறினார். அங்கேயும் கண்ணை மூடினார். அவர் இறங்கிய ஒவ்வொன்றிலும் பின்னாலேயே நான் ஏறினேன். வெள்ளைக் கல் நன்றாக இருந்தது. தேன் நிறம் அதைவிட நன்றாக இருந்த மாதிரி இருந்தது. திரும்பி வந்து மறுபடி வெள்ளையில் நின்றேன், இப்போது அதுதான் நன்றாக இருந்தது. நான் இப்படி முன்னும் பின்னும் நொண்டி விளையாடிக்கொண்டிருக்க, இவர் ஐந்தாவதைத் தாண்டிவிட்டார்.

"அண்ணே, அது வீட்டுக்குப் போடுற கல்லு. எல்லாரும் அதத்தான் எடுக்கிறாங்க," என்றார் ஈசா பாய்.

"இதுல ஒண்ணுமே இல்லியே பாய்."

ஆறாவதில் நான் ஏறியபோது உள்ளங்காலில் நன்றாகவே அழுத்தியது. இவர் அதையும் சப்பென்று இருக்கிறது என்று சொல்லியிருந்தார். ஏழாவதில் என்னால் பத்து எண்ணும் வரை நிற்க முடியவில்லை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இவருடையது சின்ன வயதில் தோட்டத்தில் செம்மண் ரோட்டில் வெறுங்காலோடு நடந்து காய்த்த கால், என்னுடையது வீட்டுக்குள்ளேயே கிடந்த கால், அதுதான் வித்தியாசம் என்று நானே ஒரு காரணத்தைச் சொல்லிக்கொண்டேன். இதற்குள் இவர் கடைசிக் கறுப்புச் சதுரத்தில் போய் நின்று ஈசா பாயிடம் பேச ஆரம்பித்துவிட்டார். கோலா கெடாவில் ஈசா பாயின் மாமனார் கடை வைத்திருந்த காலத்து ஃபெர்ரியைப் பற்றிய பேச்சு. லங்காவிக்கு எத்தனை மணி நேரம் எடுக்கும், கடல் எப்போது ஆடும் என்று அது பாட்டுக்கு ஓடியது. ஒரு சிகரெட் பிடித்து முடிக்கிற நேரம் இருக்கும். இவர் அந்தக் கல்லை விட்டு இறங்கவே இல்லை.

"சரி, அதையும் பாத்துருவோம், நகருங்க," என்று நான் ஏறினேன். ஏறிய வேகத்தில் குதித்து இறங்கினேன். அடுப்பில் காய்ந்த தோசைக்கல்லில் கால் வைத்த மாதிரி இருந்தது. சூடு ஒரு பக்கம், சில்லுகள் குத்தியது ஒரு பக்கம். ஒரு காலைத் தூக்கிக்கொண்டு ஈசா பாயின் சிமெண்ட் மூட்டைகளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அக்கா, அது கறுப்பு லா. பதினோரு மணி வெயில்ல எப்படி நிப்பீங்க," என்று ஈசா பாய் சிரித்தார். "அது வீட்டுக்கு இல்ல, லோரி ஏறுற சரிவுக்குப் போடுறது. யோகா அண்ணன் காலு தீ மிதிச்ச காலு. நம்ம காலு அப்படியா."

எல்லாரும் சிரித்தோம். நானும்தான். இவர் சிரித்துக்கொண்டே கீழே குனிந்து கல்லைப் பார்த்து, "இதுதான் பாய் கொஞ்சம் தெரியுது. இதையே போட்டுருங்க," என்றார். என் சிரிப்பு அங்கே நின்றது. எதற்காக நின்றது என்று அப்போது எனக்கே தெரியவில்லை. யோசித்துச் சொல்கிறோம் பாய் என்றேன். ரெண்டு மணிக்குக் கல் லோரிக்கு ஆர்டர் சொல்ல வேண்டும், அதற்குள் போன் போடுங்கள் என்றார் அவர். இவர் செருப்பை மாட்டிக்கொண்டு வேனில் ஏறினார். நான் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டேன்.

வேன் ஓடிக்கொண்டிருக்க நான் தீமிதியை நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தச் சித்திரையில், இவர் பிறந்த தோட்டத்து மாரியம்மன் கோயிலில், சுபாஷினிக்கு வேலை நிரந்தரமானதற்காக இவர் பூக்குழி இறங்கினார். முன்னால் போனவர்கள் எல்லாம் ஓடினார்கள். அம்மா தாயே என்று கத்திக்கொண்டு நாலே எட்டில் தாண்டிப் பால் தொட்டியில் விழுந்தார்கள். இவர் மட்டும் நடந்தார். பசாருக்குப் போகிறவர் மாதிரி, கையை வீசி, அவசரமே இல்லாமல் நடந்தார். கூட்டம் அப்படியே அடங்கிப்போனது. தங்கமணி அக்கா அழுதுவிட்டார். பூசாரி இவருக்கு மட்டும் இரண்டு தடவை திருநீறு பூசினார். எப்படிங்க இருந்தது என்று கேட்டவர்களிடமெல்லாம், "பூ மேல நடந்த மாதிரி இருந்துச்சு," என்றார். எனக்கு அன்றைக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை. இப்படி ஒரு மனுஷனோடு இத்தனை வருஷமாக உப்பு குறைந்ததற்கும் புளி கூடியதற்கும் சண்டை போட்டிருக்கிறோமே என்று வெட்கமாகக்கூட இருந்தது.

ஆனால் இடது உள்ளங்காலில் கொப்புளம் வந்தது. இரண்டு நாள் கழித்து, பாயில் ஈரம் பட்டிருந்ததைப் பார்த்து நான்தான் கண்டுபிடித்தேன், இவருக்குத் தெரியவில்லை. உடைந்து, புண்ணாகி, மஞ்சள் வைத்து, மருந்து வைத்து, ஆறுவதற்கு ஆடி மாதம் ஆனது. விரதத்தில் எங்கேயோ குறை என்று பேசிக்கொண்டோம். முட்டை பொரித்த கரண்டியால் சாம்பாரைக் கிண்டிவிட்டேனோ என்று நான் மூன்று நாள் சரியாகத் தூங்கவில்லை. ஒரு தடவையாவது எனக்கு வேறு மாதிரி தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. இப்போது ஈசா பாயின் கறுப்புக் கல் என் காலில் எரிந்துகொண்டிருக்கும்போது தோன்றுகிறது. தோன்றியதும் கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அம்மன் காத்தாள் என்றால் கொப்புளம் எதற்கு. அவள் காக்கவில்லை என்றால் சுடாமல் போனது எப்படி. இரண்டும் ஒரே காலில் எப்படி நடந்தது. என்னால் இந்தப் பக்கமும் போக முடியவில்லை, அந்தப் பக்கமும் போக முடியவில்லை.

வீட்டுக்கு வந்து கேட்டைத் திறக்கும்போது என் போனில் ஈசா பாய் அனுப்பிய படம் வந்தது. அவர் கடை வாசலில் வேன் நின்ற இடம், அங்கே மல்லாந்து கிடந்த ஒரு செருப்பு. கீழே, "அண்ணன் சிலிப்பர் ஒண்ணு இங்கயே கெடக்கு லா," என்று எழுதிச் சிரிக்கிற முகம் மூன்று போட்டிருந்தார். நான் திரும்பிப் பார்த்தேன். இவர் வேனைப் பூட்டிவிட்டு வந்துகொண்டிருந்தார். இடது காலில் செருப்பு இருந்தது. வலது கால் வெறுங்கால். ஒரு கால் உயர்ந்தும் ஒரு கால் தாழ்ந்தும் நடந்து வந்தார். கடையிலிருந்து வீடு வரைக்கும் பிரேக்கை மிதித்தது அந்தக் கால்தான்.

"ஏங்க, ஒரு சிலிப்பர் எங்க?"

அவர் குனிந்து பார்த்தார். கோயில் வாசலில் கிடக்கும் செருப்புகளில் தன்னுடையது எது என்று தேடுகிறவர் மாதிரி இரண்டு காலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு திரும்பிப் போய் வேன் கதவைத் திறந்து உள்ளே தலையை விட்டார். ஸ்டியரிங்குக்குக் கீழே கையால் துழாவும் சத்தம் கேட்டது. நான் போனைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். படத்தைக் காட்டியிருக்கலாம். ஏன் காட்டவில்லை என்று இப்போது கேட்டாலும் எனக்குத் தெரியாது. என்ன சொல்கிறார் பார்ப்போம் என்று ஒரு கெட்ட புத்தி.

"உள்ளதான் கெடக்கு. அப்பறம் எடுத்துக்கலாம்," என்று சொல்லிக்கொண்டு வந்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. சொல்லிச் சொல்லிப் பழகிய பொய் மாதிரி அவ்வளவு சுலபமாக வந்தது.

சோறு போட்டேன். சாப்பிட்டார். முருங்கைக்காய் நன்றாக இருக்கிறது என்றார். பன்னிரண்டரைக்கு நாற்காலியில் சாய்ந்து போனில் செய்தி பார்க்க ஆரம்பித்தார். இன்னும் கால் மணியில் பிள்ளைகளை எடுக்கக் கிளம்ப வேண்டும். நான் ஒரு துணியை நனைத்துக்கொண்டு அவர் காலடியில் உட்கார்ந்தேன். வெறுங்காலோடு மிதிச்சதுல அழுக்கு, தொடைக்கிறேன், காட்டுங்க என்றேன். வலது காலைத் தூக்கி என் மடியில் வைத்தேன். கட்டை விரலுக்குக் கீழே மேடாக இருக்கும் இடத்தில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. துடைத்தேன், வரவில்லை. நகத்தால் நெம்பினேன். அரிசி அளவு கல் சில்லு ஒன்று வெளியே வந்தது, கூடவே ஒரு சொட்டு ரத்தம். அவர் செய்தியைப் படித்துக்கொண்டிருந்தார்.

"கண்ண மூடுங்க," என்றேன்.

"என்ன வெளையாட்டு இது, நேரமாச்சு."

"மூடுங்கன்னா மூடுங்க. எந்த வெரலத் தொடுறேன்னு சொல்லுங்க."

அவர் மூடினார். நான் கட்டை விரலைக் கிள்ளினேன். "கட்ட வெரல்," என்றார். எனக்கு உயிர் வந்தது. அவசரப்பட்டு என்னென்னவோ நினைத்துவிட்டேன், பாவி என்று என்னையே ஏசிக்கொண்டேன். அடுத்து நடு விரலை அழுத்தினேன். கொஞ்சம் யோசித்து, "நடு வெரல்," என்றார். அதுவும் சரி. இன்னும் ஒரு தடவை, அதோடு விட்டுவிடலாம் என்று நினைத்தேன். காலை மெதுவாகத் தரையில் இறக்கி வைத்துவிட்டு, "இப்ப?" என்றேன்.

"சுண்டு வெரல்."

"இப்ப?"

"அதுக்குப் பக்கத்து வெரல். மெதுவாத் தொடுற, அதான் சொல்ல நேரமாவுது."

கண்ணைத் திறந்தார். என் இரண்டு கைகளும் என் மடியில் இருந்தன. அவர் அந்தக் கைகளையே பார்த்தார். மேலே விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஃபேன் காத்து பட்டிருக்கும் என்று சொல்ல வாயெடுத்தார், பாதியில் விட்டுவிட்டார்.

"எப்பருந்து?" என்றேன்.

"தெரியல ஷாமளா. இன்ன நாளுன்னு சொல்ல முடியாது. மொதல்ல சிலிப்பருதான் லூசாயிருச்சுன்னு நெனச்சேன். புதுசு வாங்குனேன். அதுவும் கழண்டு கழண்டு போச்சு."

"தீ மிதிச்சப்ப?"

சாமி மேடைப் பக்கம் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார். "அது அம்மாதான். அப்பயும் அப்படித்தான் நெனச்சேன், இப்பயும் அப்படித்தான். அத மட்டும் என்கிட்ட கேக்காத."

நான் கேட்கவில்லை. குத்துகிற கல்லாக வேண்டும் என்று ஏன் அடம் பிடித்தார் என்பதையும் கேட்கத் தேவையில்லாமல் போனது. அவராகவே சொன்னார். பூங்காவில் மூன்று மாதமாக, பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு, யாரும் இல்லாத நேரத்தில் போய் அந்தக் கல் பாதையில் நடந்திருக்கிறார். ஒன்றும் தெரியவில்லையாம். அது வழவழப்பான கல், அதனால்தான் என்று நினைத்திருக்கிறார். கூரான கல்லாக வாசலில் போட்டுத் தினமும் நடந்தால் ஒருநாள் குத்திவிடும், குத்திவிட்டால் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று நினைத்திருக்கிறார். இதை அவர் சொன்ன விதத்தில் என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. பிறகு பதினொரு பிள்ளைகள் ஞாபகம் வந்தது, கோபம் திரும்பி வந்தது. மூன்று மாதமாகத் தெரியும். தெரிந்துகொண்டே ஓட்டியிருக்கிறார்.

"பிரேக்கு?" என்றேன்.

"பாத்து வச்சிருவேன். ஒருக்கா கண்ணால பாத்து வச்சுட்டாப் போதும், அப்பறம் முட்டியில தெரியும் எவ்ளோ அமுக்குறேன்னு. ஒண்ணும் ஆனதில்லியே இதுவரைக்கும்."

ஆகவில்லைதான். போன மாதம் தங்கமணி அக்கா வீட்டுக் கேட்டுத் தூணை இவர் வேன் லேசாக உரசியது ஞாபகம் வந்தது. அன்றைக்கும் தூணைத்தான் ஏசினோம்.

மணி பன்னிரண்டே முக்கால். வழக்கமாக அவர் எழுந்து சட்டை மாற்றுகிற நேரம். என் போன் அடித்தது, ஈசா பாய். எந்தக் கல் என்று கேட்கத்தான் இருக்கும். நான் எடுக்கவில்லை, அடித்து ஓய்ந்தது. மனோகரனைக் கூப்பிடலாம். இன்று ஒருநாள் எடுத்துக் கொடுங்கள் அண்ணே என்று கேட்டால் அடுத்த நிமிஷம் கிளம்பிவிடுவார். ஆனால் அவர் வேனில் ஒருமுறை ஏறிய பிள்ளைகள் திரும்பி வரமாட்டார்கள், இவர் ஏன் வரவில்லை என்பதும் சாயங்காலத்துக்குள் தாமான் முழுக்கத் தெரிந்துவிடும். எனக்கு மோட்டார் லைசென்ஸ் மட்டும்தான். மோட்டாரில் பதினொரு பேரை எப்படிக் கொண்டு வருவது. தங்கமணி அக்காவிடம் சொல்லலாம் என்றால், முதலில் என்ன சொல்வது, உங்கள் பேத்தி இத்தனை நாள் எந்தக் காலை நம்பிப் போய் வந்தாள் என்றா. இவரைப் போக விடவும் முடியவில்லை, போகாதீர்கள் என்று சொல்லவும் வாய் வரவில்லை. இருபத்திரண்டு வருஷத்தை நான் ஒரு வார்த்தையில் நிறுத்த வேண்டும். கீரைக் கட்டு எடுக்கத் தெரியாதவளிடம் இதைக் கொண்டுவந்து கொடுத்தால்.

நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் எழுந்தார். சட்டை மாற்றினார். சாவியை எடுத்தார். ஒரு பழைய சப்பாத்தைத் தேடிப் பிடித்து, நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டார். நான் பின்னாலேயே போனேன். டைல்ஸ் தரையை ஒவ்வோர் அடியாகப் பார்த்துப் பார்த்துக் கடந்தார். இத்தனை நாளும் அவர் இப்படித்தான் நடந்திருக்கிறார், நான் அதை வழுக்கும் என்ற பயம் என்று நினைத்திருக்கிறேன். கேட்டைத் திறந்துகொண்டு போய் வேனில் ஏறி உட்கார்ந்தார். கதவைச் சாத்தவில்லை. சாவியையும் போடவில்லை.

நான் கதவோரம் போய் நின்றேன். அவர் குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலது காலைத் தூக்கி, பிரேக்குக்கு மேலே கொண்டுபோய், பார்த்து வைத்தார். பிறகு நிமிர்ந்து நேராக ரோட்டைப் பார்த்தார். அப்படியே இருந்தார். ரோட்டில் ஒரு பூனை குறுக்கே போனது. தூரத்தில் யார் வீட்டிலோ குக்கர் விசிலடித்தது.

"ஷாமளா," என்றார், என்னைப் பார்க்காமல். "நான் குனிஞ்சு பாக்காம மிதிக்கிறேன். நீ பின்னால போய்ப் பாரு. சாவி போடலன்னாலும் பிரேக் லைட்டு எரியும், எரியுதான்னு சொல்லு."

நான் பின்னால் போனேன். ஒரு மணி வெயில் வேனின் பின்பக்கம் முழுக்க அடித்துக்கொண்டிருந்தது. இரண்டு பக்கத்து லைட்டும் சிவப்பாக இருந்தன. அது வெயில் பட்ட சிவப்பா, உள்ளே எரிகிற சிவப்பா என்று சொல்ல முடியவில்லை. இந்தப் பக்கம் நகர்ந்து பார்த்தேன், எரிகிற மாதிரி இருந்தது. அந்தப் பக்கம் நகர்ந்தால் எரியாத மாதிரி இருந்தது. குந்தி உட்கார்ந்து, சூடாகக் கிடந்த அந்தச் சிவப்புக் கண்ணாடியை இரண்டு கைகளாலும் மூடி, நிழல் உண்டாக்கி, விரல் இடுக்கில் கண்ணை வைத்தேன்.

"எரியுதா?" என்று முன்னாலிருந்து அவர் கேட்டார்.

நான் கைகளை இன்னும் நெருக்கிப் பிடித்தேன்.